ஆயுளின் கணக்கும் மரணத்தின் கணக்கும்

கொறங்காட்டு மேய்ச்சலையும் பருத்தியையும் முருங்கையையும் நம்பி ஜீவித்துவந்த, மழை குறைந்த மூலனூர்ப் பிரதேசத்தில், எண்பதைக் கடந்த அப்பாரையோ அமுச்சியையோ காண்பது இன்று எவருக்கும் அதிசயமன்று. ஆனால் 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 20 ஆண்டுகளே என்று ஜனத்தொகை நிபுணர்கள் கணித்திருப்பதைப் படிக்கும்போது, நம் முன்னோர் யாவரும் வாலிபத்திலேயே மாண்டனரோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

உண்மை அதுவன்று. பத்துக் குழந்தைகள் பிறந்து, நால்வர் ஒரு வயதில் இறக்க, எஞ்சிய அறுவர் அறுபது வயது வாழ்ந்தால், அவர்களுடைய சராசரி ஆயுள் 36 ஆண்டுகள்தாம். அந்த நால்வரில் மூவரைக் காப்பாற்றி அறுபது வயது வரை வாழச் செய்தாலோ, முதியவர் ஒருவரும் ஒருநாள்கூட அதிகமாக வாழாமலே சராசரி 54ஆக உயர்ந்துவிடும். தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2020இல் அத்தொகை 13. நம் ஆயுள் 70ஐத் தாண்டியதன் ரகசியத்தில் பெரும்பங்கு இதுவே.

இந்தச் சித்தி எளிதில் வந்ததன்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடிய பஞ்சத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகையே குறைந்தது; பிளேக் மாரியம்மன் என்றே பெயர் பூண்ட கோயில்கள் அடுத்து வந்த கொள்ளைநோய்க்குக் கோயம்புத்தூரில் இன்றும் சாட்சி; 1918இல் பரவிய விஷக் காய்ச்சலோ இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. குடிநீரையும் கழிவையும் தொற்றையும் கண்காணிக்கும் அதிகாரத்தை 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அளித்தது. தடுப்பூசியால் 1975இல் பெரியம்மை இந்த நாட்டைவிட்டு நீங்கிற்று. க்ஷயரோகிகளைச் சானடோரியத்தில் ஒதுக்கிவைப்பதே வழி என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், வீட்டிலேயே தங்கி மருந்துண்பவரும் அவ்வாறே குணமடைவர் என்பதை 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிரூபித்தது. ஏழை தேசங்களின் சிகிச்சை முறையே அதனால் மாறியது.

இனி வருவதுதான் விசித்திரம். ஆயுள் நீள நீள மரண விகிதம் இறங்கிக்கொண்டே போகும் என்று எண்ணுகிறோம். சில காலம் அப்படித்தான் இறங்கும், பிறகு ஏறும். 2020இல் ஆயிரம் பேருக்குப் பீகாரில் 5.4 பேரும், அதைவிட நீண்ட ஆயுளுடைய கேரளத்தில் 7 பேரும் இறந்தனர். உலகிலேயே மிக நீண்ட ஆயுள் பெற்ற தேசங்களுள் ஒன்றான ஜப்பானின் மரண விகிதம் இவ்விரண்டையும்விட அதிகம். காரணம் எளிது: பிறப்புக் குறைந்து முதியோர் பெருகிய சமூகத்தில், ஒவ்வொருவரும் நெடுநாள் வாழ்ந்தாலும், ஆண்டுதோறும் முடிவெய்துவோர் மிகுவதே இயற்கை.

தமிழ்நாடும் அந்தப் பாதையில்தான் செல்கிறது. மகனும் மருமகளும் நூற்பாலைக்கோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ ஷிப்டுக்குப் போய்விட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு இனி ஆயுளைக் கூட்டித்தர வேண்டியது, ஒருமுறை குத்தினால் தீர்ந்துவிடும் தடுப்பூசியன்று. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரையும், அதை ஞாபகப்படுத்த ஓர் ஆளுமே. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மருந்தை வாசலுக்கே கொண்டுவருவதன் அவசியம் இதனால் விளங்கும். வரும் ஆண்டுகளில் மூலனூரின் மரணப் பதிவேட்டில் பெயர்கள் மிகுமாயின், அந்தத் தொகையை மாத்திரம் கண்டு சுகாதாரம் கெட்டதென்று முடிவுகட்டுவது பிசகு. பெயருக்கு எதிரே எழுதியுள்ள வயதையும் சேர்த்துப் படிப்பவரே ஊரின் ஆரோக்கியத்தைச் சரியாக அளந்தவராவார்.