அட்டாலிப் பெட்டியில் அப்பாருவின் ரிவால்வர்

திருப்பூர்ப் பக்கம் எதைச் சுற்றி வைக்க வேண்டும் என்றாலும் கைக்குச் சிக்குவது பனியன் வேஸ்ட்தான். குத்துவிளக்கு, தையல் மிஷின் ஸ்பேர், மோட்டார் பேரிங் எல்லாம் அந்த வெள்ளைத் துணிக்குள்தான் தூங்கும். பாகப் பிரிவினைக்காகப் பழைய வீட்டை ஒழிக்கிறார்கள், அட்டாலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நாலைந்து மெடல், ஒரு தோல் பெல்ட், அடியில் கனமாக ஒரு பொட்டலம். அவிழ்த்தால் ரிவால்வர். "பட்டாளத்து அப்பாரு பர்மாவுல இருந்து கொண்டாந்தது" என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். பேரன் போட்டோ எடுக்கச் செல்போனைத் தேடுவான்.

தேடவே வேண்டாம். தொடவும் வேண்டாம். எண்பது வருடம் கிடந்தாலும் உள்ளே தோட்டா இருக்கலாம். அதைவிடப் பெரிய சங்கதி, அவிழ்த்த அந்த நிமிடத்தில் சட்டத்தின் பார்வை மாறிவிடுகிறது. ஆயுத வழக்கில் 'வைத்திருந்தார்' என்று சொல்ல, அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பெட்டி பூட்டியிருந்தவரை 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல இடமிருந்தது. இனி அந்தப் பேச்சு எடுபடாது.

அப்பாரு கொண்டுவந்த கதை எவ்வளவு தூரம் நிஜம்? இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர். நம் பக்கத்து ஆட்களும் மெட்ராஸ் சாப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று பர்மா வரை போயிருக்கிறார்கள். சூலூர் விமானத் தளமே அந்தப் போர்க்காலத்தில் போட்டதுதான். ஆனால் சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்தது ரைபிள். இடுப்பில் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் அதிகாரி, சுபேதார், ஜமேதார், அல்லது டாங்குக்குள் உட்கார்ந்தவர். அதுவும் சர்க்கார் சொத்து. படையை விட்டு வரும்போது ஒப்படைத்தாக வேண்டும். அதிகாரிகள் சிலர் சொந்தக் காசில் வாங்கியது உண்டு. எதிரியிடம் கிடைத்ததை மூட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஊரில் 'பட்டாளத்துத் துப்பாக்கி' என்று சொல்லப்படுவதில் கணிசமானவை, பிற்பாடு காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கிகளாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

நிஜமாகவே ராணுவ ரிவால்வர் என்றால், கதையைவிட உலோகம் நம்பகமான சாட்சி. பிரிட்டிஷ் அரசுச் சொத்தில் ஓர் அம்பு முத்திரை குத்துவார்கள். இந்திய அரசுக்கு வந்ததில் அம்போடு ஆங்கில 'ஐ' எழுத்தும் இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினாற்போல் இருந்தால், படை அதை முறைப்படி வெளியே விற்றுவிட்டது என்று பொருள். ஒற்றை அம்பு மட்டும் இருந்து, கூடவே காகிதம் எதுவும் இல்லையென்றால், அது திருப்பிக் கொடுக்காத பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பேரப்பிள்ளைகளுக்குக் கசக்கும்தான்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. துப்பாக்கி என்றால் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை இரண்டாகப் பிரிக்கிறது: அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது, தடை செய்யப்பட்டது. பிரிப்பது வயதை வைத்து அல்ல, பெரும்பாலும் உள்ளே எந்தத் தோட்டா போகும் என்பதை வைத்து. படையும் போலீஸும் பயன்படுத்திய தோட்டா தனியார் துப்பாக்கியிலும் பொருந்தினால், சர்க்கார் கிடங்கிலிருந்து தோட்டா கசியும் என்ற பயம். அதனால் 1962-லேயே .455, .380 ரிவால்வர்களையும், 9 மி.மீ. பிஸ்டலையும், .303 ரைபிளையும் தடைப் பட்டியலில் வைத்துவிட்டார்கள்.

இப்போது அப்பாருவின் இடுப்பைப் பாருங்கள். 1915-ல் படைக்கு வந்த வெப்ளி ஆறாம் மார்க் .455. அதற்குப் பின் 1930-களில் வந்த என்ஃபீல்டு, போர்க்கால வெப்ளி நாலாம் மார்க் இரண்டும் .380. அதாவது போருக்குப் போன துப்பாக்கி என்ற பெருமை எதனால் வருகிறதோ, அதனாலேயே அது தடைப் பட்டியலில் விழுகிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்து தனியாருக்கு விற்கும் .32 ரிவால்வருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதற்கு மாவட்ட ஆட்சியர், மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர் லைசென்ஸ் தரலாம். தடை வகைக்கு டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான்.

தண்டனையும் அப்படியே பிரிகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு. தடை வகைக்கு 7 முதல் 14 ஆண்டு. சாதாரண வகையில் வழக்குப் போட மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி தேவை என்று 39-வது பிரிவு சொல்கிறது. தடை வகைக்கு அந்தத் தடுப்பு இல்லை. தோட்டா மட்டும் தனியாகக் கிடைத்தாலும் குற்றம்தான்.

"பழசுதானே, துருப்பிடிச்சுக் கிடக்குது, இதுக்கெல்லாமா?" என்று கேட்பவர்களுக்கு 45-வது பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் குறுகல். பழமைச் சிறப்புள்ள, வழக்கொழிந்த அல்லது பழுதான ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் வேலை செய்யும் என்றால் வாசல் மூடிவிடும். லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு 'ரிப்பேர் ஆகாது' என்று வாதாடுவது எளிதல்ல.

அப்பாருவிடம் லைசென்ஸ் புத்தகம் இருந்திருந்தால் நிலைமை வேறு. இறந்த பிறகு சட்டப்படியான வாரிசு அந்தத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசைக் குறிப்பிட்டு மாற்றிக் கொடுக்கவும் 2016 ஆயுத விதிகளில் வழி உண்டு. 2019-ல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை ஒன்றாகக் குறைக்கத்தான் மசோதா வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு இரண்டில் நின்றது. பரம்பரையாக வருவதற்கும் அதே வரம்புதான்.

பக்கத்துக் குடகில் எல்லோரும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறார்களே என்ற கேள்வி கட்டாயம் வரும். குடவர்களுக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு இருப்பது உண்மை. 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்கு மட்டும்தான், நமக்கல்ல.

சரி, பொட்டலத்தை என்ன செய்வது? பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். வழியில் சோதனை வந்தால் 'ஒப்படைக்கப் போகிறேன்' என்பதற்கு என்ன சாட்சி? இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, வழக்கறிஞர் மூலமாக எழுத்தில் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அவர்களை வந்து எடுக்கச் சொல்வது நல்லது. எந்தத் தேதியில், எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்பதை எழுதுங்கள். பழைய லைசென்ஸ் இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். உரிமம் முடிந்து போன ஆயுதத்தைத் தாமதமின்றி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பதே 21-வது பிரிவு. ரசீது வாங்காமல் விடாதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் வைத்துவிட்டு வரும் லைசென்ஸ்காரர்களுக்கு அந்த ரசீதின் அருமை தெரியும்.

பெட்டியில் மிச்சம் இருப்பதைப் பத்திரப்படுத்தத் தடையில்லை. தோல் உறை சும்மா உறைதான், ஆயுதம் அல்ல. மெடலை மட்டும் திரும்பப் பனியன் வேஸ்ட்டில் சுற்ற வேண்டாம். பருத்தி ஈரத்தை இழுக்கும். அந்தப் போரின் மெடல்களை பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பெயர் பொறித்திருப்பார்கள். விளிம்பை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் படை எண், பதவி, அப்பாருவின் பெயர், அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துப் பிழையோடு.