சித்திரையில காயுற புல்லை மார்கழியிலேயே காப்பாத்தணும்

ராத்திரி ஃபேனை ரெண்டுல வெச்சாலே போர்வையைத் தேடுற சீசன் வந்தாச்சு. நம்ம ஊர் குளிர்காலம்னா அவ்வளவுதான். இந்த எபிசோட்ல பேசப்போறது வீட்டு முன்னாடி இருக்குற புல்தரையைப் பத்தி. "மழை பெஞ்சு புல்லு தானா பச்சையா நிக்குது, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"ன்னு கேட்பீங்க. பச்சையா இருக்குறப்போ யோசிக்காம விட்டதால எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன்.

அம்மா தூக்குன குடம்

எங்க வீடு விருதுநகர்–சிவகாசி ரோட்டுல. ஒரு கார்த்திகை மாசம், வீட்டு முன்னாடி 20 அடிக்கு 15 அடி இடத்துல கொரியன் புல் வாங்கிப் பதிச்சேன். சதுர சதுரமா வெட்டி வண்டியில வந்து இறங்கும்ல, அதுதான். தை மாசம் வரைக்கும் கம்பளம் விரிச்ச மாதிரி இருந்துச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு நான் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிட்டேன்.

மே மாசம் லீவுல போறேன், புல்லு வைக்கோல் கலர்ல கிடக்கு. அம்மா திண்ணையில உக்காந்து முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சிட்டு இருக்காங்க. எங்க தெருவுல தினமும் குழாய்த் தண்ணி வராது. கோடை வந்தா போர்லயும் தண்ணி இறங்கிடும். அதனால டிரம்முல பிடிச்சு வெச்ச தண்ணியை அம்மா குடம் குடமா தூக்கி ஊத்தியிருக்காங்க. "நீ ஆசையா வெச்சதுப்பா, காய விட மனசு வரல. சித்திரைக்கு மேல என்னால முடியல"ன்னாங்க. எனக்குப் பதில் பேச வாய் வரல.

ஊத்தவேண்டிய தண்ணிக்கு நான் ஒரு தடவைகூட கணக்குப் போடல. சர்வர் எத்தனை பேரைத் தாங்கும்னு ஆபீஸ்ல தினமும் கணக்குப் போடுறவன், எங்கம்மா எத்தனை குடம் தூக்குவாங்கன்னு போடல.

கணக்கு ரொம்ப சிம்பிள்

ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா, அது 1 லிட்டர் தண்ணி. நம்ம ஊர் கோடை வெயில்ல புல்லு செழிப்பா நிக்கணும்னா ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டராவது வேணும். அதுவும் குறைஞ்சபட்சக் கணக்கு. 300 சதுர அடின்னா கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். அஞ்சால பெருக்குங்க: 140 லிட்டர். 15 லிட்டர் குடத்துக்கு, தினமும் ஒன்பது குடத்துக்கு மேல. மாசத்துக்கு 4,200 லிட்டர்.

இந்தக் கணக்கை மார்கழியில போடலாம், மே மாசமும் போடலாம். மே மாசம் போட்டா வருத்தப்பட மட்டும்தான் முடியும். மார்கழியில போட்டா புல்தரையோட சைஸை மாத்தலாம், புல்லையே மாத்தலாம். அதுக்குத்தான் இந்த எபிசோடு.

யூடியூப் சொல்ற குளிர்காலம் நமக்கு இல்ல

"வின்டர் லான் கேர்"னு தேடினா வர்றதெல்லாம் பனி கொட்டுற ஊர் வீடியோக்கள். அங்க ஃபெஸ்க்யூ, ரை, புளூகிராஸ்னு குளிர்ல வளர்ற புல் ஜாதிங்க. நம்ம ஊருக்கு ஏத்தது வெயில்ல வளர்ற ஜாதி. அதுல உலகம் முழுக்க கோல்ஃப் மைதானத்துலயும் விளையாட்டு மைதானத்துலயும் போடுறது பெர்முடா புல். பேரைக் கேட்டா எங்கேயோ தீவுல இருந்து வந்த மாதிரி இருக்கா? அது வேற ஒண்ணும் இல்ல, பிள்ளையாருக்குச் சாத்துற நம்ம அருகம்புல்தான். தாவரவியல்ல ரெண்டுக்கும் ஒரே பேரு: சைனோடான் டாக்டிலான்.

அருகு மண்ணுக்கு மேலயும் கொடி ஓட்டும், மண்ணுக்கு அடியிலயும் தண்டு ஓட்டும். குளிர் நாடுகள்ல மண்ணு 10 டிகிரிக்குப் பக்கத்துல இறங்குனா பழுத்துத் தூங்கிடும். நம்ம ஊர் மார்கழி ராத்திரி அந்த அளவுக்கெல்லாம் இறங்காது. இங்க அது தூங்குறது தண்ணி இல்லாத சித்திரையில. மேல செத்த மாதிரி காஞ்சு கிடக்கும், அடித்தண்டுல உயிர் இருக்கும், ஒரு மழை பெஞ்சா எந்திரிச்சிடும். நம்ம புல்லுக்குக் குளிர்காலம்னா அது கோடைதான். கல்யாண வீட்டுல அருகு போல வேரூன்றணும்னு பெரியவங்க வாழ்த்துறது சும்மா இல்ல.

பட்டாசுக்கு வரம், புல்லுக்குச் சோதனை

சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் ஏன் வந்துச்சு? 1920-கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துட்டு வந்தாங்க. அது இங்க வேர் பிடிச்சதுக்கு இந்த வறண்ட காத்தும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறிச்சிடுது. நமக்குக் கிடைக்கிற மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலதான். அப்புறம் மாசக்கணக்கா வெயில். மருந்து காயுறதுக்கு அது வசதி. அதே காத்துதான் புல்லோட ஈரத்தையும் உறிஞ்சுது. ஆக, மழை நின்னு மண்ணுல ஈரம் மிச்சம் இருக்குற மார்கழி, தை ரெண்டு மாசம்தான் நமக்குக் கிடைக்கிற டைம்.

இப்போ என்ன செய்யணும்?

முதல்ல, தண்ணியை வெச்சு இடத்தை அளங்க. கோடையில ஒரு நாளைக்கு உண்மையிலேயே எத்தனை குடம் மிச்சம் வரும்னு வீட்டுல தண்ணி பிடிக்கிறவங்ககிட்ட கேளுங்க. நாங்க கேட்டப்போ அம்மா சொன்னது ரெண்டு குடம். அருகுக்குத் தினம் 3 மில்லிமீட்டர் போதும், பளபளன்னு இருக்காது, ஆனா பிழைச்சிடும். ரெண்டு குடம்னா 30 லிட்டர், அது 10 சதுர மீட்டருக்கு வரும். அதனால 300 அடியை 100 அடியாக் குறைச்சோம். மிச்ச இடத்துல ஒரு வேப்பங்கன்னு, சுத்தி சரளைக்கல்.

ரெண்டாவது, மண். நம்ம பக்கம் நிறைய இடத்துல கரிசல். நனைஞ்சா ஊதும், காஞ்சா விரல் நுழையுற அளவுக்கு வெடிக்கும். வெடிக்கிறப்போ வேரும் அறுபடும். சேறா இருக்குறப்போ மிதிக்காதீங்க, இறுகிடும். ஒரு கை மண்ணை எடுத்து உருண்டை பிடிங்க. கீழ போட்டா பொலபொலன்னு உதிரணும், அதுதான் பதம். அப்போ கடப்பாரையால அரை அடிக்கு ஒரு குத்துன்னு ஓட்டை போட்டு, நல்லா மக்குன தொழுஉரத்தைத் தூவி விடுங்க. கரிசல்ல கொஞ்சூண்டு மணலைக் கொட்டிக் கலக்காதீங்க, செங்கல் மாதிரி இறுகுற வாய்ப்பு இருக்கு. ஜிப்சம் போடுறதா இருந்தா மண் பரிசோதனை பண்ணிட்டுப் போடுங்க. வேளாண்மைத் துறை ஆபீஸ்ல கேட்டா எங்க கொடுக்கணும்னு சொல்லுவாங்க.

மூணாவது, கோரை. இலையை மட்டும் பிச்சா கோரைக்கு முடிவெட்டி விட்ட மாதிரிதான், கிழங்கு உள்ள இருக்கும். இப்போ மண்ணு ஈரமா இருக்கு, கிழங்கோட தோண்டி எடுங்க. பங்குனியில கரிசலைத் தோண்டிப் பாருங்க, கடப்பாரைதான் வளையும்.

நாலாவது, நடவு. ரெண்டு மூணு கணு இருக்குற மாதிரி அருகுக் கொடியை நறுக்கி, வரிசையா ஒரு சாண் இடைவெளியில ஊன்றி, லேசா மண்ணு மூடுங்க. வயக்காட்டு வரப்புல தேவைக்கு மேலயே கிடைக்கும். கேட்டுட்டு எடுங்க, காசு செலவு இல்ல.

அஞ்சாவதுதான் முக்கியம், வேருக்குப் பழக்கம். தினமும் மேலாக்கத் தெளிச்சா வேரு மேலயே நிக்கும், முதல் வெயில்லயே செத்துப்போகும். வேர் பிடிச்சதும், தை மாசத்துல இருந்து நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை மண்ணு ஆழமா நனையுற மாதிரி ஊத்துங்க. தண்ணியைத் தேடி வேரு கீழ இறங்கும். மாசிக்கு மேல ஒட்ட வெட்டாதீங்க, ரெண்டு இஞ்ச் உயரம் விடுங்க. புல்லே தன் மண்ணுக்கு நிழல் கொடுத்துக்கும்.

தண்ணி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. சோப்புத் தண்ணியில இருக்குற சோடியம் கரிசலை இன்னும் இறுக்கும். துணி அலசுற கடைசித் தண்ணின்னா பரவாயில்ல. ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடுற தண்ணியில உப்பு அதிகம், அதை மட்டுமே தொடர்ந்து ஊத்தாதீங்க. அரிசி, காய்கறி கழுவுன தண்ணியைத் தாராளமா ஊத்தலாம்.

காஞ்ச புல்லும் ஒரு பொறியும்

பட்டாசு ஆலையில வேலை பார்க்குற எங்க மாமாகிட்ட புல்தரை பத்திப் பேசுனேன். "எங்களுக்குப் புல்லுன்னா பயம்தான் மாப்ள"ன்னார். ஷெட்டைச் சுத்திக் காஞ்ச புல்லு நிக்கவே கூடாது. ஒரு பொறி போதும், புல்லு வழியா நெருப்பு அடுத்த ஷெட்டுக்கு நடந்து போகும். இந்த பெல்ட்டுல வெடிவிபத்துச் செய்தி கேட்காத கோடை அபூர்வம். நம்ம வீட்டுப் புல்லுக்கும் அதே லாஜிக். பங்குனிப் பொங்கல் வாணவேடிக்கை நடக்குறது எல்லாம் காஞ்சு கிடக்குற சீசன்ல. அதுக்கு முன்னாடி காஞ்ச சருகை வாரிடுங்க. சுவர் ஓரமா, கேஸ் சிலிண்டர் பக்கமா ஒரு முழத்துக்குப் புல்லே இல்லாம விடுங்க.

கடைசியா

100 சதுர அடி அருகோட போன கோடையைத் தாண்டினோம். கத்திரி வெயில்ல நடுவுல பழுப்படிச்சுச்சு, ஓரம் பச்சையா நின்னுச்சு. ரெண்டு குடத்துல பாதி, கஞ்சிக்கு அரிசி கழுவுன தண்ணிதான். ஐப்பசி முதல் மழைக்கு முழுசா எந்திரிச்சு வந்துச்சு. கம்பளம்னு சொல்ல முடியாது, ஆனா சாயங்காலம் அம்மா நாற்காலியை அங்கதான் போடுறாங்க.

இந்த வாரம் புல்லு வாங்கக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "சித்திரையில எத்தனை குடம் முடியும்?"னு கேளுங்க. அவங்க சொல்ற நம்பர்தான் உங்க புல்தரையோட சைஸ். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!