முப்பதினாயிரம் ரூபாய் மேலங்கி: கொடுத்த காசுக்குத் தகுமா?

மழைக்கும் குளிருக்கும் அணியும் ஒரு மேலங்கிக்கு முப்பதினாயிரம் ரூபாயா என்று வியக்கிறீர்களா? அதுவும் பட்டன்று, சரிகையன்று. மெழுகு ஏற்றிய வெறும் பருத்தித் துணி! இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வயல்வெளிக்கும் வேட்டைக்கும் அணியப்படும் இவ்வகை மேலங்கியின் விலை இன்று சுமார் 250 முதல் 300 பவுண்டு வரை இருக்கிறது. இதுவும் நடுத்தர விலைதான். பறவை வேட்டைக்கென்றே தைக்கப்படும் உயர்ந்த ரகங்கள் 500 பவுண்டைத் தாண்டும். இலண்டன் மாநகரின் பழம்பெரும் துப்பாக்கிக் கடைகளில் ஆயிரத்தையும் தாண்டும். அங்கே இதனை ஜாக்கெட் என்பர். அச்சொல் நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு வேறொன்றைக் குறிக்குமாதலால் மேலங்கி என்றே எழுதுகிறேன்.

நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பின் இந்தக் கவலை நமக்கேன் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கின்றனர். "வாப்பா, இங்கே குளிர் தாங்க முடியவில்லை, நல்லதொரு கோட்டு வாங்கப் பணம் அனுப்புங்கள்" என்று அங்கிருந்து கேட்கும்போது, எது நல்லது, எது வெறும் பகட்டு என்பது பணம் அனுப்புகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

நம் வயல்களில் ஐப்பசி மழையில் நாற்று நடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோணிச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக் கொள்வார்கள், அது போதும். நனைந்தாலும் உயிருக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. குளிர் நாட்டில் நிலைமை அவ்வாறன்று. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தை உறிஞ்சிச் செல்லும் தன்மையுடையது. 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் சாரணர் இளைஞர்களுக்கென நடைபெற்ற நீண்ட நடைப் போட்டியில், மழையும் காற்றும் சேர்ந்து தாக்கியதில் திடகாத்திரமான இளைஞர் மூவர் குளிரிலேயே இறந்துபோயினர். 1953 எவரெஸ்ட் பயணக்குழுவில் உடலியல் அறிஞராகச் சென்ற கிரிஃபித் பியூ என்பவர் அந்தச் சாவுகளை ஆராய்ந்தார். நனைந்த உடையின் மீது காற்று வீசும்போது, அந்த உடை குளிரைத் தடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. ஆகவே, மலையேறுகிறவருக்கும் நாள் முழுதும் வெட்டவெளியில் நிற்கிறவருக்கும் நல்ல மேலங்கி என்பது ஆடம்பரமன்று. அந்த அவசியத்துக்கு எவ்வளவு விலை கொடுப்பது என்பதே கேள்வி.

தண்ணீரைத் தடுப்பது மட்டும்தான் வேலையென்றால் அதற்குப் பெரிய செலவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை போதும்! 1823ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ், கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கிடையே பூசி, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். மழை உள்ளே வரவில்லை; ஆனால் வியர்வை வெளியே போகவில்லை. மேட்டில் ஏறி நடக்கும் மனிதனின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கும் மேல் வியர்வை வெளிப்படக்கூடும். அது உள்ளேயே தங்கினால் மழையில் நனைந்தவனுக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு? மழை வரக்கூடாது, வியர்வை போக வேண்டும்! இந்த முரண்பாட்டைத் தீர்க்க முயன்ற கதைதான் இருநூறு ஆண்டுக்கால மேலங்கிக் கதை. நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் நியாயமான பகுதி அந்த முயற்சிக்கு உரியது.

1879இல் தாமஸ் பர்பெரி என்பவர், நெய்த துணியில் பூசுவதற்குப் பதிலாக நூலையே பதப்படுத்தி, பின்னர் நெருக்கமாக நெய்யும் வழியைக் கண்டார். அதுவே கபர்தீன் துணி. 1924இல் எவரெஸ்டில் மறைந்த மாலரி அணிந்திருந்தது அத்துணியில் தைத்த உடையே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். தீயணைப்புக் குழாய்களுக்கு வேண்டிய சணல்வகை நார் கிடைக்காமல் பருத்தியை நாடியவர்கள், நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து வென்டைல் என்னும் துணியை உருவாக்கினர். நனைந்தவுடன் அதன் இழைகள் உப்பி, இடையிலுள்ள துளைகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். ஆர்க்டிக் கடலில் கப்பல்களைக் காக்கப் பறந்து, பனிநீரில் விழுந்த விமானிகள் சில நிமிடங்களிலேயே இறந்துகொண்டிருந்தனர். அத்துணியில் தைத்த உடை அவர்களுக்கு ஏறத்தாழ இருபது நிமிட அவகாசம் தந்தது. வெறும் பருத்தி செய்த வேலை அது!

1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், நாம் தோசைக்கல்லில் காணும் டெஃப்லான் இருக்கிறதே, அதே பொருளைச் சூடாக்கி, மெல்ல இழுத்து இழுத்துச் சலித்துப்போய், ஒருமுறை வெடுக்கென இழுத்தார். அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய ஏடாக மாறியது! தண்ணீர்த் துளி அத்துளையில் நுழைய முடியாது. வியர்வையின் ஆவி நுழைந்து வெளியேறும். கோர்டெக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த ஏட்டை வைத்துத் தைத்த மேலங்கி 1970களில் விற்பனைக்கு வந்தது. இன்று மலையேறுவோர் 400, 500 பவுண்டு கொடுத்து வாங்கும் மேலங்கிகள் பலவற்றின் உள்ளே இருப்பது அவ்வகை ஏடுதான்.

இங்கே கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஏடு தனியே வேலை செய்வதில்லை. வெளித்துணியின் மேல், தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடுவது போல மழைத்துளி உருண்டோடும்படி ஒரு பூச்சு இடப்பட்டிருக்கும். அழுக்கும் தேய்மானமும் அந்தப் பூச்சைப் போக்கிவிட்டால், வெளித்துணி ஈரத்தில் ஊறிவிடும். உள்ளிருந்து ஆவி வெளியேற வழியில்லாது போகும். அணிந்தவர் தம் வியர்வையிலேயே நனைந்துகொண்டு, "ஐந்நூறு பவுண்டு கொடுத்தேன், ஒழுகுகிறதே" என்று நொந்துகொள்வார். ஒழுகவில்லை, துவைக்கவில்லை! அதற்கென விற்கும் சோப்புநீரில் அலசி, உள்ளே தைத்திருக்கும் சீட்டில் சொல்லியபடி மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் மீண்டும் உயிர் பெறும். இதைச் செய்யாதவர் கையில் ஐந்நூறு பவுண்டு மேலங்கியும் ஐம்பது பவுண்டு மேலங்கியும் ஒன்றே.

விலைச்சீட்டில் 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று எண்கள் மின்னும். துணியின் மேல் எவ்வளவு உயரத் தண்ணீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்ற அளவு அது. எண் பெரிதானால் விலையும் ஏறும். வானத்திலிருந்து விழும் மழைக்கு இவ்வளவு அழுத்தம் கிடையாது. ஈர மண்ணில் முழங்காலிட்டால், பாரமான பையின் வார் தோளை அழுத்தினால்தான் அந்த எண்ணுக்கு வேலை. அதைவிட, மேலங்கியை உட்புறம் திருப்பிப் பாருங்கள். ஊசி நுழைந்த ஒவ்வொரு தையலின் மீதும் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா? மலிவான மேலங்கிகள் பெரும்பாலும் துணியில் ஒழுகுவதில்லை. தையலிலும் ஜிப்பிலும்தான் ஒழுகுகின்றன.

இனி வேட்டைக்களத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் கிரௌஸ் பறவைக்கு ஆகஸ்ட் 12இலும், ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிக்கு அக்டோபர் முதல் நாளிலும் பருவம் தொடங்குகிறது. ஃபெசன்ட் பருவம் பிப்ரவரி முதல் நாளோடு முடியும். ஆகவே மழையும் சேறும் குளிரும் மிகுந்த மாதங்களில்தான் அவ்வேட்டை. சுடுகிறவர் ஓரிடத்தில் நெடுநேரம் அசையாது நிற்பார்; பின் சட்டென இரு கைகளையும் உயர்த்துவார். அதனால் முதுகிலும் அக்குளிலும் தாராளமாக வெட்டித் தைக்க வேண்டும். தோட்டாக்கள் கொள்ளும்படி விரிந்து கொடுக்கும் பைகள் வேண்டும். மான் வேட்டையில் நடக்கையில் சலசலப்பு எழக்கூடாது; நைலான் துணி காகிதம் போல் ஒலிக்கும், கம்பளி ஓசையெழுப்பாது. தையற்காரரின் இந்த நுட்பங்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதே களத்தில் வேறு இரு சாரார் உண்டு. புதர்களைத் தடியால் தட்டிப் பறவைகளை எழுப்பி விரட்டுகிறவர்கள் ஒரு சாரார். ஒரு சிறு நாட்கூலிக்கு, முள் நிறைந்த புதருக்குள் பகலெல்லாம் நடப்பவர்கள் அவர்கள். மற்றவர், ஆண்டு முழுதும் அந்நிலத்தைக் காக்கும் காவலர். பல ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் காவலருக்குக் கம்பளி ட்வீட் உடையைப் பண்ணையே தைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் உடலுக்கு ஈரமாகத் தோன்றாது. மழையைக் கொஞ்சமும் புகவிடாது என்று எவரும் அதற்குப் பெருமை பேசுவதில்லை. அது நனைந்தும் குளிரவிடாது. ஆண்டில் ஐந்தாறு நாள் வேட்டைக்கு வருகிற செல்வந்தர் தம் பணத்தில் வாங்கும் ட்வீட் உடை பெரிதும் சம்பிரதாயத்துக்கானது. நம் திருமண வீட்டு ஷெர்வானி போல.

முள்ளுக்குள் நடப்பவருக்கு நுண்துளை ஏடு உதவாது. ஒரு முள் கிழித்தால் முடிந்தது. அங்கேதான் மெழுகு ஏற்றிய பருத்தி வெல்கிறது. 1894இல் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமான சவுத் ஷீல்ட்ஸில் ஜான் பார்பர் என்பவர் மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் எண்ணெய்த் துணி உடை விற்கக் கடை திறந்தார். உழைப்பாளியின் உடையாகத் தொடங்கிய அது, 1980களில் பட்டணத்துச் சீமான்களின் நாகரிகமாயிற்று. 1983இல் வந்த அவர்களது பியூஃபோர்ட் மேலங்கியின் முதுகுப் பக்கத்தில், சுட்ட பறவையை இடுவதற்கு அகன்ற பை ஒன்று உண்டு. இன்று அதை அணிந்து இலண்டன் தெருக்களில் நடப்போரில் பெரும்பாலோர் அப்பையில் செய்தித்தாளைக்கூட வைப்பதில்லை!

எனினும் அதன் உண்மைச் சிறப்பு, அதைப் பழுது பார்க்கலாம் என்பதே. கிழிந்தால் ஒட்டுப் போடலாம். மெழுகு தேய்ந்தால் மீண்டும் ஏற்றலாம். பழைய மேலங்கிகளைப் பெற்று மெழுகேற்றித் தைத்துக் கொடுக்கும் பணியை அந்நிறுவனமே செய்துவருகிறது. மன்னர் சார்லஸ் ஒட்டுப்போட்ட மேலங்கியோடு காட்சியளிக்கும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன.

"விலை அதிகமானாலும் நீடித்து உழைக்கும், ஆகவே அதுவே சிக்கனம்" என்று வாங்கியவர்கள் வாதாடுவர். கணக்கிட்டுப் பார்ப்போமே! மேலங்கி 270 பவுண்டு. நாமே ஆண்டுக்கு ஒரு டப்பா மெழுகு வாங்கித் தேய்த்தால், டப்பா 10 பவுண்டு என வைத்து, இருபது ஆண்டில் 200. ஆகமொத்தம் 470, ஆண்டுக்கு இருபத்து மூன்றரைப் பவுண்டு. 40 பவுண்டுக்கு நைலான் மேலங்கி வாங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை எறிந்துவிட்டு வேறு வாங்கினால் ஆண்டுக்கு 20. இரண்டும் ஏறக்குறைய சமம்! சிக்கனம் என்ற வாதம் நிற்கவில்லை. இருபது ஆண்டு தேய்த்து அணிகிறவருக்கு உயர்ந்த பொருள் வீண் விலையன்று என்பது மட்டுமே நிலைக்கிறது. எறிந்த பத்து நைலான் குப்பையும் அவர் கணக்கில் இல்லை. இரண்டாண்டுப் படிப்புக்குச் சென்று, ஊர் திரும்பியதும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கப் போகிறவருக்கோ ஆண்டுக்கு 135 பவுண்டு ஆகிறது. விடுதியிலிருந்து பேருந்துக்கும், பேருந்திலிருந்து வகுப்புக்கும் நடக்கும் பத்து நிமிடத்துக்கு இத்தனையா? அவருக்குத் தையலில் நாடா ஒட்டிய ஒரு சாதாரண மழைக்கோட்டும், உள்ளே கம்பளி ஸ்வெட்டரும் தாராளம். அங்கே ராணுவத்தார் கழித்துவிற்கும் உறுதியான மேலங்கிகளும், தருமக் கடைகளில் பிறர் கொடுத்த பழைய உடைகளும் மிக மலிவாகக் கிடைக்கின்றன.

புதிதாக வாங்குகிறவர் மற்றொன்றும் பார்க்க வேண்டும். அந்தத் தாமரை இலைப் பூச்சுக்கு நெடுங்காலம் பயன்பட்ட ஃபுளூரின் சேர்ந்த இரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழிவதில்லை. அவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் இப்போது இவை கலவாத பூச்சுகள் பெருகிவருகின்றன. அவற்றை முன்னிலும் அடிக்கடி துவைத்துப் பேண வேண்டியிருக்கும்.

மெழுகு மேலங்கிக்கு முறை வேறு. அதை இயந்திரத்தில் இடக்கூடாது. சோப்பும் வெந்நீரும் ஆகா. பச்சைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் சேற்றைத் துடைத்து உலரவிட வேண்டும். மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, பழந்துணியால் தொட்டு, மடிப்பிலும் தையலிலும் சற்றுக் கூடுதலாகத் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டினால் அது துணிக்குள் பரவிவிடும். ஓரிரவு தொங்கவிட்டு மறுநாள் அணியலாம். பிள்ளை விடுமுறைக்கு வரும்போது அதை அணிந்தபடியே கூடத்துச் சோபாவில் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறையில் படிந்த மெழுகுக் கறை எளிதில் போகாது.