விமான நிலையமும் ஒரு விண்ணப்பமும்

கோவா ஒரு சின்ன மாநிலம். அங்கே அழகான கடற்கரைகள் உண்டு. அவற்றைப் பார்க்க நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் பலர் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள்.

வெகு காலம் கோவாவில் ஒரே ஒரு விமான நிலையம்தான் இருந்தது. அதன் பெயர் டாபோலிம். போர்த்துகீசியர் ஆண்ட காலத்தில், 1950களில் அதைக் கட்டினார்கள். 1961இல் கோவா இந்தியாவுடன் சேர்ந்தது. பிறகு டாபோலிம் நமது கடற்படையிடம் வந்தது. இன்றும் அது கடற்படைத் தளம்தான். பயணிகள் விமானங்களும் அதே ஓடுபாதையில் இறங்குகின்றன.

ஒரே களத்தில் இரண்டு வீட்டார் நெல் அடித்தால் என்ன ஆகும்? ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். டாபோலிமிலும் இதே கதைதான். வார நாட்களில் காலை நேரத்தில் கடற்படை விமானங்கள் பயிற்சி செய்யும். அந்த நேரத்தில் பயணிகள் விமானங்கள் இறங்க முடியாது.

கூட்டமோ ஆண்டுக்கு ஆண்டு கூடியது. 2018-19ஆம் ஆண்டில் 80 லட்சம் பயணிகளுக்கு மேல் டாபோலிம் வழியாக வந்து போனார்கள். (வந்தவரையும் போனவரையும் தனித்தனியாக எண்ணும் கணக்கு இது.) பயணிகள் இருக்கும் கட்டடத்தைப் பெரிதாகக் கட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஓடுபாதை ஒன்றுதானே? கட்டடம் பெரிதானால் ஓடுபாதையில் நேரம் கூடிவிடாது.

இந்த நெருக்கடி வரும் என்று அரசு முன்பே கணக்குப் போட்டிருந்தது. கோவாவுக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு அதை ஏற்றது. வட கோவாவில் பெர்னெம் என்ற தாலுகா இருக்கிறது. அங்கே மோபா என்ற ஊரில் இடம் பார்த்தார்கள்.

கம்பியை நீட்டிவிட்டுக் கட்டும் வீடு

சிலர் வீடு கட்டும்போது மேலே கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். பின்னால் கையில் பணம் வந்தால் மாடி எடுக்கலாம் என்ற நினைப்பு. அதற்கு ஏற்றபடி கடைக்காலை முதலிலேயே பலமாகப் போடுவார்கள்.

விமான நிலையத்தையும் இப்படித்தான் திட்டமிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து எத்தனை பேர் வருவார்கள்? முப்பது ஆண்டு கழித்து எத்தனை பேர்? இதைக் கணக்கிட்டுப் பகுதி பகுதியாகக் கட்டுகிறார்கள். மோபாவில் முதல் கட்டம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளுக்காகப் போடப்பட்டது. பிறகு கூட்டம் கூடக்கூட, கட்டடமும் கூடும்.

ஆனால் நிலத்தை முதலிலேயே எடுத்துவிடுவார்கள். மேட்டை முதலிலேயே சமன் செய்துவிடுவார்கள். ஆகவே சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும். மண்ணை வெட்டிய பிறகு பார்த்து என்ன பயன்?

மோபா ஒரு மேட்டு நிலம். உச்சி தட்டையாக இருக்கும். விமானம் இறங்க வசதியான இடம்தான். தரை செம்புறாங்கல். இந்தக் கல்லில் துளைகள் நிறைய உண்டு. மழை பெய்தால் தண்ணீர் அதற்குள் இறங்கும். மெல்ல மெல்லக் கசிந்து, கீழே சரிவில் ஊற்றாக வரும். கொங்கண் கரையில் பல ஊர்களுக்கு இப்படிப்பட்ட மேடுகள்தான் தண்ணீர்த் தொட்டி. பெர்னெமுக்கு வடக்கே தெரெகோல் ஆறு ஓடுகிறது. தெற்கே சாபோரா ஆறு. கிழக்கே போனால் மேற்குத் தொடர்ச்சி மலை.

மேலே நின்று பார்ப்பவருக்கு வெறும் கல்லும் புதரும் தெரியும். கீழே குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பவருக்குத்தான் அந்த மேட்டின் அருமை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1984இல் போபால் நகரத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, 1986இல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற விதி 1994இல் வந்தது. 2006 செப்டம்பரில் அந்த விதியைப் புதிதாக எழுதினார்கள். விமான நிலையம் புதிதாகக் கட்டுவதானாலும், இருப்பதைப் பெரிதாக்குவதானாலும் இந்த விதி பொருந்தும்.

முதல் வேலை ஒரு விண்ணப்பம். கட்டப் போகிறவர் அதை நிரப்பித் தர வேண்டும். அதில் பல கேள்விகள் இருக்கும். இடத்தில் மரம் உண்டா? 15 கிலோமீட்டருக்குள் காடு உண்டா, ஆறு உண்டா, மலை உண்டா? தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? கழிவை எங்கே விடுவீர்கள்?

இந்த விண்ணப்பத்தை நிபுணர் குழு படிக்கும். எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று குழு சொல்லும். அதன்படி காற்று, தண்ணீர், மண், மரம், பறவை, மக்கள் பிழைப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிக்கை எழுதுவார்கள். விமான நிலையம் என்றால் சத்தத்தையும் பார்ப்பார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று விதி அளவு வைத்திருக்கிறது. டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு.

குப்பையைக் கூடப் பார்க்க வேண்டும். குப்பை இருந்தால் பறவைகள் வரும். பறவை மோதினால் விமானத்துக்கு ஆபத்து. அதனால்தான் விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டத் தடை இருக்கிறது.

மக்கள் பேசும் கூட்டம்

அறிக்கை தயாரானதும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை நடத்தும். மாவட்ட ஆட்சியர் தலைமை தாங்குவார். அவர் வராவிட்டால் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அதிகாரி வருவார்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும். அதன் சுருக்கம் அந்த ஊர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் அதை வைத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். இது ஓட்டெடுப்பும் அல்ல. வேண்டும் என்பவர் எத்தனை பேர், வேண்டாம் என்பவர் எத்தனை பேர் என்று கை எண்ணி முடிவு செய்வதில்லை. என்ன சொன்னார்கள் என்பதை எழுதிக்கொள்வார்கள். வீடியோவும் எடுப்பார்கள்.

அதனால் பேசும் விதம் முக்கியம். "எங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதையும் எழுதுவார்கள். அதோடு சரி. இன்னொருவர் எழுந்து, "மேட்டின் கீழே எங்கள் ஊற்று இருக்கிறது. கோடையிலும் வற்றாது. நாற்பது வீடுகள் அதைக் குடிக்கின்றன. உங்கள் சுருக்கத்தில் அந்த ஊற்றைக் காணோம். மேட்டைச் சமன் செய்தால் அதற்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறார். இதற்குத் திட்டக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். இறுதி அறிக்கையிலும் அந்தப் பதில் இடம் பெற வேண்டும்.

பேச முடியாதவர், பேசப் பயப்படுபவர் எழுதிக் கொடுக்கலாம். கூட்டம் முடிந்ததும் அங்கே பேசியதை ஊர் மொழியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது எழுந்து போய்விடுவது நல்லதல்ல. சொன்னது ஒன்று, எழுதியது ஒன்றாக இருந்தால் அப்போதுதான் திருத்தச் சொல்ல முடியும்.

இவ்வளவும் டெல்லிக்குப் போகும். நிபுணர் குழு மறுபடியும் பார்க்கும். கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று பரிந்துரை செய்யும். கடைசி முடிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது.

மோபாவில் நடந்தது

மோபாவுக்கு 2015 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்திடம் கட்டும் பொறுப்பைக் கோவா அரசு ஒப்படைத்தது.

சிலர் இந்த அனுமதியை ஒப்புக்கொள்ளவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். இது சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் பார்க்கும் நீதிமன்றம். தீர்ப்பாயம் 2018இல் அனுமதி செல்லும் என்றது. கூடவே சில நிபந்தனைகளையும் போட்டது. அவர்கள் விடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2019 மார்ச் 29ஆம் தேதி தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்தி வைத்தது.

காரணம் என்ன? முதலில் கொடுத்தார்களே, அந்த விண்ணப்பம்தான். மரங்களைப் பற்றி அதில் முழு விவரம் இல்லை. திட்டத்துக்காக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. சுற்றியிருந்த காடுகளைப் பற்றியும், எளிதில் கெட்டுப்போகும் இயற்கைப் பகுதிகளைப் பற்றியும் சரியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான, முழுமையான பதில் தருவது விண்ணப்பதாரரின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. விண்ணப்பத்தில் ஒன்றை மறைத்தால், அதன் மேல் எழும் ஆராய்ச்சியும் குறைபட்டுத்தான் போகும்.

ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் ஒரு எழுத்துத் தவறினால் ஏழையை நாலு முறை அலைய விடுகிறார்கள். இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல நாட்டின் பெரிய நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அதற்குள் வேலையும் தொடங்கியாகிவிட்டது.

நிபுணர் குழு மீண்டும் ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. குழு மறுபடி பார்த்தது. அனுமதி தரலாம் என்றது. ஆனால் கூடுதல் நிபந்தனைகளை விதித்தது. 2020 ஜனவரி 16ஆம் தேதி நீதிமன்றம் தடையை நீக்கியது. நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை நீரி என்ற அமைப்பிடம் கொடுத்தது. அது நாக்பூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம்.

2022 டிசம்பரில் மோபா விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஜனவரியில் விமானங்கள் வரத் தொடங்கின. டாபோலிமும் மூடப்படவில்லை. கோவாவுக்கு இப்போது இரண்டு விமான நிலையங்கள்.

வழக்குப் போட்டவர்கள் தோற்றார்களா, வென்றார்களா? விமான நிலையம் வந்துவிட்டது. போன மரம் போனதுதான். ஆனால் வழக்கு இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் நிபந்தனைகளும் இல்லை, நீரியின் மேற்பார்வையும் இல்லை. அந்தத் தீர்ப்பைப் பிறகு வேறு ஊர்களின் வழக்குகளிலும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அனுமதிக்குப் பிறகு

அனுமதி கிடைத்ததும் அதன் நகலைப் பஞ்சாயத்துக்குக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்து அதை 30 நாள் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போக விரும்புபவருக்கும் 30 நாள்தான் கெடு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள்வரை தீர்ப்பாயம் தரலாம். அதற்கு மேல் கிடையாது.

நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றித் திட்டக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். ஜூன் 1 ஒரு தேதி. டிசம்பர் 1 இன்னொரு தேதி. எத்தனை மரம் நட்டார்கள், எத்தனை பிழைத்தன, மழைத் தண்ணீரை எங்கே இறக்கினார்கள், சத்தம் எவ்வளவு என்றெல்லாம் அதில் இருக்கும். விதிப்படி அது பொது ஆவணம். அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவும், எழுதியிருப்பதையும் சரிவில் உள்ள ஊற்றையும் ஒத்துப் பார்க்கவும் யாருக்கும் உரிமை உண்டு.