தேக அசைவும் மனவொருமையும்

பரீட்சைக் காலம் நெருங்குங்கால் நம் விடுதிகளில் ஒரு காட்சி தவறாது காணப்படும். மாலைச் சிற்றுண்டி முடிந்தவுடன் நாற்காலியில் அமரும் மாணவர் இராப்போசன மணி அடிக்கும் வரை எழுந்திரார். எழுந்திருப்பது காலத்தை வீணாக்குதல் என்பது அவர் கொள்கை. விளையாட்டிடம் அம்மாதம் முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கும். ஆயின், மூன்றாவது மணி நேரத்தில் அவர் உண்மையில் படிப்பது எவ்வளவு? ஒரே பக்கத்தை மும்முறை வாசித்தும் பொருள் மனத்திற் பதியாமையை நாமே பன்முறை அனுபவித்திருக்கிறோம். அவ்வேளையில் நம்மைக் கைவிடுவது மனம் மட்டுந்தானா, உடலுக்கும் அதிற் பங்குண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கை அதுவே கொள்ளுகின்றது. அதனைக் கொண்டு செல்வது உதிரம். இருதயம் உதிரத்தைப் பாதம் வரை தள்ளிவிடும்; பாதத்தினின்று மேலே மீட்டற்கோ கெண்டைக்காற் சதையின் துணை வேண்டும். நடக்குந்தோறும் அச்சதை சுருங்கி நாளங்களை அழுத்தி உதிரத்தை மேலே செலுத்தும். நாளங்களின் உள்ளே கதவு போன்று அமைந்த தடுக்குகள் அது கீழே திரும்பாவண்ணம் காக்கும். இதனை ஏற்றம் இறைத்தலுக்கு ஒப்பிடலாம். அசையாது அமர்ந்திருப்பவன் ஏற்றக்காரனை உறங்கவிட்டவனாகிறான்.

இஃது அனுமானம் மட்டுமன்று. இங்கிலாந்திலே லிவர்பூல் ஜான் மூர்ஸ் சர்வகலாசாலையார் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், மேசை வேலை செய்வோர் 15 பேரை வெவ்வேறு நாட்களில் 4 மணி நேரம் உட்காரவைத்து, மூளைக்குச் செல்லும் உதிரத்தின் வேகத்தை அளந்தனர். இடையே எழாதிருந்த நாளில் வேகம் குறைந்தது. 2 மணிக்கொருமுறை 8 நிமிஷம் நடந்த நாளிலும் அக்குறைவு தடைபடவில்லை. அரைமணிக்கொருமுறை 2 நிமிஷம் மெல்ல நடந்த நாளிலோ குறைவு நேரவில்லை. இவ்விரு நாட்களிலும் நடந்த மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றே என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. நெடுநேரம் உழைத்துப் பின் ஒரேயடியாக உலாவி வரலாம் என்று எண்ணும் நம்மவர்க்கு இது நினைக்கத்தக்கது. எனினும் பதினைவர் என்பது சிறு தொகை. உதிரத்தின் வேகம் வேறு, பாடம் பதிதல் வேறு.

பாடத்தைக் குறித்த சோதனைகளும் உள. அமெரிக்காவில் இலினாய் சர்வகலாசாலையார் 2009-இல் ஒன்பது பத்து வயதுடைய சிறுவர் 20 பேரைச் சோதித்தனர். ஒருநாள் ஓய்வாக இருக்கச் செய்தும், பிறிதொருநாள் 20 நிமிஷம் நடக்கச் செய்தும், பின்னர் கவனத்தைச் சிதறடிக்கும் குறிகளினிடையே நடுக்குறியின் திசையை மட்டும் கண்டு சொல்லுமாறு பணித்தனர். நடந்த நாளில் பிழைகள் குறைந்தன. வாசித்துப் பொருளுணரும் தேர்விலும் மேம்பாடு காணப்பட்டது. ஹாலந்து தேசத்தில் 12 பள்ளிகளில் 499 சிறுவரைக்கொண்டு ஈராண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனை இன்னும் விரிவானது. அங்கே பாடத்தையே அசைவோடு கற்பித்தனர். சொல்லை எழுத்துக்கூட்டும் பிள்ளை எழுத்துக்கொருமுறை குதிக்கும். ஈராண்டின் முடிவில் அப்பிள்ளைகள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவரைவிட நான்கு மாதப் படிப்பளவு முன்னேறியிருந்தனர். வாசிப்பில் மாத்திரம் வேற்றுமை இல்லை.

இவ்வளவோடு நில்லாமல், சிறு அசைவுகளுக்குப் பெருஞ் சக்தி கற்பிப்பாரும் உளர். கலிபோர்னியாவில் டெனிசன் தம்பதிகள் 1980-களில் வகுத்த 'ப்ரெயின் ஜிம்' என்னும் முறையில் 26 அசைவுகள் உண்டு. வலக்கையால் இட முழங்காலையும், இடக்கையால் வல முழங்காலையும் மாறி மாறித் தொடுதல் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் என்பர். காறையெலும்பின் கீழே தேய்த்தால் மூளைக்கு உதிரம் மிகும் என்பர். மூளையின் இரு பாதிகளையும் ஏறக்குறைய இருபது கோடி நரம்பிழைகள் பிறவியிலேயே பிணைத்துள்ளன. முழங்காலைத் தொடும் வரை அவை காத்திருப்பதில்லை. 2008-இல் பிரிட்டனின் நரம்பியல், உடலியல் சங்கத்தார் இம்முறையின் விளக்கங்கள் விஞ்ஞானத்துக்குப் பொருந்தா என்று கல்வி அதிகாரிகளுக்கு எழுதி எச்சரித்தனர்.

நம் நாட்டுத் தோப்புக்கரணமும் இவ்வாறே கடல் கடந்து, 'சூப்பர் பிரெயின் யோகா' என்னும் புதுப்பெயர் பூண்டு திரும்பியுள்ளது. காதுமடலைப் பிடிப்பதனால் மூளை விழிக்கும் என்று அதனைப் போதிப்பார் கூறுவர். பள்ளியில் ஆசிரியர் கட்டளைப்படி ஐம்பதும் நூறும் போட்ட நம் பழைய மாணவர்கள், அங்ஙனமாயின் தாம் இந்நேரம் மேதைகளாயிருக்க வேண்டுமே என்று நகைத்தல் கூடும். உட்கார்ந்து எழுதலால் தொடையும் கெண்டைக்காலும் உழைக்கின்றன, மூச்சு விரைகின்றது. பயன் அதிலே உள்ளது. காதைப் பிடித்தல் அவரவர் விருப்பம்.

இதனை நாம் வேடிக்கைக்காகக் கூறவில்லை. நாமறிந்த குடும்பமொன்றில் எட்டு வயதுச் சிறுவன் எழுத்துக்களை இனங்காண மிகவும் இடர்ப்பட்டான். மூளையைத் தூண்டும் பயிற்சி என்னும் பெயரால் ஓராண்டு பணமும் காலமும் செலவாயின. பயிற்சி அவனுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆயின் எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியரிடம் அவன் சேர்வதற்கு அவ்வோராண்டு தாமதமாயிற்று. அதற்குள் தன்னை மந்தன் என்றே அவன் நம்பத் தொடங்கிவிட்டான். அந்நம்பிக்கையைப் போக்குவது எழுத்தைக் கற்பிப்பதினும் கடினமாயிருந்ததென அவன் தாயார் நம்மிடம் கூறினார்.

சென்னையில் ஹாரி க்ரோ பக் என்பார் 1920-இல் ஒய். எம். சி. ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய காலந்தொட்டு, அங்குப் பயின்ற ஆசிரியர் பலர் நம் பள்ளிகளுக்கு வந்து தேகப்பயிற்சியைக் கல்வியின் ஓர் அங்கமாகவே கற்பித்தனர். ஆயினும் கால அட்டவணையில் முதலில் வெட்டுப்படுவது இன்றும் அவ்வகுப்பே.

எம் விடுதியில் சென்ற பரீட்சைக்கு முன் எண்மர் கூடி ஓர் ஏற்பாடு செய்தோம். அரைமணிக்கொருமுறை ஒருவர் மேசையைத் தட்டுவார். யாவரும் எழுந்து, சுவரைப் பற்றி நின்று குதிகாலை இருபது முறை உயர்த்தித் தாழ்த்துவோம். தோள்களைப் பின்புறமாகச் சுழற்றுவோம். தாழ்வாரத்தின் கோடி வரை நடந்து, அங்கிருந்து தூரத்து மரங்களைச் சற்று நேரம் நோக்கித் திரும்புவோம். கைத்தொலைபேசியை எடுத்துச் செல்லலாகாது என்பதே கடுமையான விதி. முதல் வாரம் அடுத்த அறையினர் எள்ளினர். இரண்டாம் வாரம் அவர்களுள் மூவர் சேர்ந்தனர். மதிப்பெண்கள் உயர்ந்தனவா என்பதற்கு இச்சிறு கூட்டத்தைச் சான்றாகக் காட்டோம். ஒரே பக்கத்தை மும்முறை வாசிக்கும் நிலை குறைந்ததென எண்மரும் ஒப்புகிறோம். முழங்கால் வலியுள்ள நண்பர் ஒருவர் குதிகால் உயர்த்துதலை விடுத்து நடையை மட்டும் கொண்டார். அவருக்கு அதுவே போதுமானதாயிருந்தது.