கன்னத்துக்கு எந்தச் சிவப்பு?

இரும்புப் பாலங்களுக்குப் பெயின்ட் அடிக்க வைத்தே உத்தியோகக் காலத்தைக் கழித்த ஒரு ரயில்வே இன்ஜினியருக்கு, பெண்கள் கன்னத்தில் பூசும் ரூஜைப் பற்றி என்ன தெரியும் என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டிலும் உள்ள நிறப்பொருள் ஒன்றே என்றால் நம்புவீர்களா? பல ரூஜ் டப்பாக்களின் பின்புறம் பொடி எழுத்தில் சி.ஐ. 77491 என்று போட்டிருக்கும். அதுதான் சிவப்பு இரும்பு ஆக்சைடு, துருவின் உறவினர். நாங்கள் கர்டர்களுக்கு அடித்த ரெட் ஆக்சைடு அதன் முரட்டு அண்ணன். முகத்துக்கு வருவது சுத்தம் செய்யப்பட்டது, பயம் வேண்டாம்.

இப்போது ப்ளஷ் என்கிறார்கள். வேகமாக நடந்து வந்தாலோ வெட்கப்பட்டாலோ கன்னத்தில் ரத்தம் ஏறுமே, அந்த நிறத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. யாருடைய ரத்த ஓட்டம், யாருடைய தோல் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் என் பேத்தி கும்மியாட்டத்தில் இருந்தாள். பிள்ளைகளுக்கு மேக்கப் போட ஒரு பியூட்டி பார்லரிலிருந்து ஆள் வந்திருந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே டப்பா, ஒரே வெளிர் ரோஜா நிறம். போட்டோ வந்ததும் பார்த்தால் சிவப்பாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பொருந்தியிருந்தது. என் பேத்தியின் கன்னத்தில் விபூதி அப்பினாற்போல் இருந்தது. "நான் கறுப்பு தாத்தா, எனக்கு மேக்கப் எடுக்காது" என்றாள். அடுத்த வருடம் மேடை ஏற மாட்டேன் என்று அடம் வேறு.

எடுக்காமல் போனது அவள் நிறத்தால் அல்ல. வெளிர் ரோஜா என்பது சிவப்போடு வெள்ளையைக் கலந்தது. அந்த வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு, டப்பாவில் சி.ஐ. 77891. சுவர் பெயின்டிலும் அதுதான் வெள்ளை. அடியில் இருப்பதை மறைப்பதில் கெட்டிக்காரச் சரக்கு. வெளுத்த தோலில் அது கரைந்துவிடும். மாநிறத்திலும் கறுப்பிலும் மேலே மிதந்து சாம்பலாகத் தெரியும். ஆகவே வெள்ளை குறைந்த, நிறம் செறிந்த டப்பாவைத் தேடுங்கள். மாநிறத்துக்குச் செங்கல் நிறமும் அடர்ந்த பவழ நிறமும் நன்றாக இருக்கும். கறுப்புக்கு நாவற்பழ நிறம், மெரூன், அடர் செங்கல். பழைய ரயில் பெட்டிகளின் மெரூன் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குடும்பம்தான். டப்பாவில் பார்க்கும்போது 'ஐயோ, இவ்வளவு அடர்த்தியா' என்று தோன்றும். கன்னத்தில் ஏறினால் சாந்தமாகிவிடும். கீழுதட்டின் உட்புற நிறத்தைக் கண்ணாடியில் பாருங்கள். அதை ஒட்டிய நிறம் அநேகமாகப் பொருந்தும்.

ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது; 2020-ல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. நம் வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சில் அந்தச் சொல் இன்னும் போகவில்லை. ரூஜ் வெளுப்பாக்கும் பண்டமல்ல என்பதை அம்மாக்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து வெளிச்சம். ரயில்வே யார்டில் சோடியம் விளக்கின் கீழ் சிவப்புக் கொடியே பழுப்பாகத் தெரியும். கடைகளிலும் வீடுகளிலும் உள்ள சாதாரண எல்.ஈ.டி. பல்பும் சிவப்பைக் கொஞ்சம் மங்கலாகவே காட்டும். விளக்கின் நிறத்தரத்தைச் சராசரியாகக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் 8 நிறங்களில் அடர்சிவப்பு சேராது. அதனால் நல்ல மார்க் வாங்கிய விளக்கும் சிவப்பில் தோற்கும். அந்த வெளிச்சத்தில் போதவில்லை என்று மேலும் மேலும் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் கூத்து வேஷம்தான். கமர்ஷியல் தெருவிலோ ஜெயநகரிலோ வாங்கும்போது, புறங்கையில் அல்ல, தாடை ஓரத்தில் சிறிது தடவிக் கைக்கண்ணாடியுடன் வாசலுக்கு வந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பூசுங்கள். மேடைக்கு மட்டும் விதி வேறு; பலமான விளக்கு முகத்தின் நிறத்தைத் தின்றுவிடும், ஒரு பங்கு கூடுதலாகவே வேண்டும்.

பூசும் முறை பெரிய வித்தையல்ல. பிரஷ்ஷில் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு, புன்னகைக்கும்போது மேடாகும் இடத்தில் ஆரம்பித்துக் காதை நோக்கி இழுக்க வேண்டும். வட்ட முகமானால் சற்று மேல்நோக்கிச் சாய்வாக. நீண்ட முகமானால் கிடைமட்டமாக. மூக்குக்கு இரண்டு விரல் இடம் விடுங்கள். ஓரம் கோடாகத் தெரியாமல் தேய்த்துக் கலைப்பதில்தான் பாதி அழகு. முகத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொடி திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

பெங்களூர் மார்கழிக் குளிரில் தோல் வறண்டிருக்கும்போது பொடி செதிலாக நிற்கும், கிரீம் ரூஜ் நல்லது. அதே கிரீமோடு சித்திரையில் சென்னைக் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதற்குள் வழிந்துவிடும்.

அவசரத்துக்குக் குங்குமத்தையோ வடநாட்டுச் செந்தூரத்தையோ பிள்ளைகள் கன்னத்தில் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமமே சிலருக்கு அரிக்கும். கடைச் செந்தூரத்தில் ஈயம் இருப்பதை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். ஈயச் செந்தூரம் என்பது அந்தக் காலத்தில் இரும்பில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த பெயின்ட் சரக்கு. அதைக் குழந்தை முகத்தில் பூசலாமா?

சைவர்களுக்கு ஒரு தகவல். சி.ஐ. 75470 அல்லது கார்மைன் என்றிருந்தால் அந்தச் சிவப்பு கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்தது. வேண்டாதவர்கள் இரும்பு ஆக்சைடு டப்பாவைப் பார்த்து வாங்கலாம்.

பிரஷ்ஷை வாரம் ஒருமுறை ஷாம்புவில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். விழா நாட்களில் கிரீன் ரூமில் ஒரே பிரஷ் எல்லாப் பிள்ளைகளின் முகத்திலும் சுற்றி வருகிறது. ஒரு பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் போதும், மறுநாள் எத்தனை வீட்டில் கண் சிவக்குமோ! ஆளுக்கு ஒரு துண்டுப் பஞ்சு கொடுத்தனுப்புங்கள்.