பதினேழு ஆண்டுகள் தாமதித்த திட்டம்

சென்னைப் பெருநகரில் எங்கே வீடு கட்டலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், எந்த நிலம் வயலாகவோ ஏரியாகவோ நீடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் சட்ட ஆவணம்தான் முழுமைத் திட்டம். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி இதைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., தயாரிக்கிறது. கட்டட அனுமதி கேட்டு வருபவரின் சர்வே எண் குடியிருப்பில் வருகிறதா, வணிகத்தில் வருகிறதா, விவசாயத்தில் வருகிறதா என்பதைத்தான் அங்கே முதலில் பார்க்கிறார்கள்.

முதல் திட்டம் 1970-களில் நடைமுறைக்கு வந்தது. அது 1991 வரையிலான வளர்ச்சியைக் கணக்கிட்டது. இரண்டாவது திட்டத்தின் வரைவு 1995-இல் தயாரானது. ஆனால் அரசு ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியாக 2008 செப்டம்பர் ஆகிவிட்டது. 1991-க்கும் 2008-க்கும் நடுவிலிருந்த பதினேழு ஆண்டுகளில் நகரம் காத்திருக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. வேளச்சேரியும் பெருங்குடியும் ஊர்களாக இருந்த நிலை மாறி நகரத் தோற்றம் பெற்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருபுறம் குப்பைக் கிடங்காலும் மறுபுறம் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கியது. மழைநீரைத் தாங்கிக்கொள்ள வேண்டிய இடமே அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை பட்ட பாட்டுக்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். மிஞ்சிய சதுப்பு நிலத்துக்கு 2022-இல்தான் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது.

இரண்டாவது திட்டத்தின் காலம் 2026 வரை. மூன்றாவது திட்டம் அதற்கடுத்த இருபது ஆண்டுகளுக்கானது. புதுப்பிக்கும் வேலை கள ஆய்வில் தொடங்குகிறது. ஒவ்வொரு நிலமும் இன்று உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பதிவு செய்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிடுகிறார்கள். மக்கள்தொகை எவ்வளவு பெருகும், குடிநீர் எங்கிருந்து வரும், வெள்ளம் எந்த வழியாக வடியும் என்ற கணக்குகள் அடுத்து வருகின்றன. வரைவுக்கு அரசின் இசைவு கிடைத்ததும் பொது அறிவிப்பு வெளியாகும். ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் தர, சட்டப்படி குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அவற்றைப் பரிசீலித்த பிறகே அரசு இறுதி ஒப்புதல் தரும்.

திட்டம் நடைமுறையில் இருக்கும்போதே நில வகைப்பாடு மாற்றம் கேட்டு உரிமையாளர்கள் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய மாற்றம். ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்பில் இப்படி ஐம்பது மனைகள் மாறினால், ஏரிக்குத் தண்ணீர் வரும் பாதையே அடைபட்டுப்போகும். முழுப் பகுதியையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு திட்டத்தைப் புதுப்பிக்கும்போதுதான் கிடைக்கிறது.

வரைவு வெளியாகும்போது சொந்த மனையின் சர்வே எண்ணைத் தேடிப் பார்ப்பவர்கள், தங்கள் பகுதி ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றின் எண்களையும் சேர்த்துத் தேட வேண்டும். தவறு இருந்தால் அந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.